வீரக்குட்டி அண்ணை நித்திரை கொள்ளப் போன இடம்

வீரக்குட்டி அண்ணையும் நானும் இரண்டே முக்கால் வருடம் ஒரே மெத்தையில் படுத்தோம். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் அதில் படுத்தது கிடையாது. அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. ரொறன்ரோவின் பார்க்டேலில் இரண்டு அறை அப்பார்ட்மென்ட் ஒன்றில் ஏழு பேர் இருந்தோம், மெத்தைகள் நான்கு. யார் எப்போது படுப்பது என்பதை வேலை நேரம்தான் தீர்மானித்தது. நான் காலை ஆறு மணிக்கு எழும்பி, பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலைக்குப் போனால், எட்டு மணிபோல அவர் பேக்கரியிலிருந்து வந்து அதே போர்வைக்குள் நுழைவார். தலையணை மட்டும் அவரவருக்குச் சொந்தம். என்னுடையதில் எண்ணெய் மணக்கும். அவருடையதில் புளித்த மா மணக்கும்.

அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஊர். பதினேழு வருடம் பஸ் கொண்டக்டராக இருந்தவர். ஒருநாள் ஆமிக்காரர்கள் அவருடைய பஸ்ஸை மறித்து மூன்று பயணிகளை இறக்கிக் கொண்டுபோனார்கள். அப்படி யாரும் அந்த பஸ்ஸில் வரவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். மூன்று பேருக்கும் டிக்கட் கிழித்துக் கொடுத்தவர் இவர். அதனால் இவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். மனைவி கோணேஸ்வரியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, 1985 மார்கழியில் ரொறன்ரோ வந்து சேர்ந்தார். அகதிக் கோரிக்கை போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த எங்கள் எல்லோரையும் போல அவரும் காத்திருந்தார்.

காத்திருந்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. காத்திருப்பதற்கு அவருக்கு நேரம் எங்கே? இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை பேக்கரியில் ஓவனடியில் நிற்பார். மாலை நான்கிலிருந்து பத்து வரை ஒரு றெஸ்டோரன்டில் கோப்பை கழுவுவார். இடையில் கிடைக்கும் பகல்தான் அவருடைய இரவு. அந்தப் பகலிலும் நித்திரை கிடையாது. பின்னேர வேலைக்காரர்கள் பத்து மணிக்கு எழும்பித் தாளிப்பார்கள். கீழே ஸ்ட்ரீட்கார் திரும்பும்போது தண்டவாளம் கிரீச்சிடும். ஊரிலிருந்து யாருக்காவது போன் வரும். அந்தக் காலத்து லைனில் கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். கிழமைக்கு இரண்டு தரம் யாரோ கறி கருக்கி நெருப்பு மணி அடிக்கும். பத்தாம் மாடியிலிருந்து எல்லோரும் படியால் இறங்க வேண்டும்.

"என்ன அண்ணை, படுத்தனீங்களோ?" என்று கேட்டால்,

"படுத்தன் தம்பி. நித்திரைதான் வரல்ல" என்பார்.

அந்த வருடம் அவர் முகம் எனக்கு நன்றாக ஞாபகம். கண்ணுக்குக் கீழே இரண்டு பை. பேசிக்கொண்டே இருப்பார், ஒரு சொல்லின் நடுவில் நின்றுவிடுவார். என்ன சொல்ல வந்தேன் என்று நம்மையே கேட்பார். சாப்பிடும்போது கையில் சோறு இருக்க, வாய் திறந்தபடி இருக்க, கண் மூடிவிடும். எங்களோடு இருந்த இரத்தினவேல் நல்ல பகிடிக்காரன். "அண்ணைக்கு ஒரு கை தூங்குது, மற்றக் கை சாப்பிடுது" என்பான். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பார், பகிடி அவருக்குள் போய்ச் சேர நேரம் எடுத்ததுபோல.

1986 சித்திரையில் கையில் காயம் பட்டது. ஓவனிலிருந்து பாண் தட்டுகள் அடுக்கிய வண்டியை வெளியே இழுத்து, ஒரு கையை அதில் ஊன்றிக்கொண்டு நின்றவர் நின்றபடியே நித்திரையாகிவிட்டார். முழங்கைக்குக் கீழே தோல் தட்டோடு ஒட்டிக்கொண்டது. கத்தியபோதுதான் தனக்கே விழிப்பு வந்தது என்று சொன்னார்.

ஃபோர்மன் அலெக்ஸாண்டர் என்ற வயதான மனிதர், எங்களைப்போல எங்கிருந்தோ வந்தவர். கையைத் தண்ணீரில் பிடித்து, துணி சுற்றி, "ஒன்றில் நீ நித்திரை கொள்ள ஒரு வழி பார், இல்லாவிட்டால் வராதே. உன்னை ஓவனுக்குள்ளிருந்து எடுக்கும் வேலை எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். கோபத்தில் சொன்னதல்ல என்று அண்ணைக்கு விளங்கியது. ஆனால் வழி எங்கே இருக்கிறது என்றுதான் விளங்கவில்லை.

அன்று காலை அவரைக் காரில் கொண்டுவந்து விட்டது கிளடிஸ். பேக்கரியில் பாணைப் பையில் போடும் லைனில் வேலை செய்த அம்மா. ஐம்பத்தெட்டு வயது, போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பம், இருபது வருடத்துக்கு முன்பே புருஷனோடு கனடா வந்தவர். புருஷன் இறந்துபோய், வெக்ஸ்போர்டில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். எங்கள் அப்பார்ட்மென்டுக்குள் வந்து நின்று சுற்றிப் பார்த்தார். அடுப்படியில் மூன்று பேர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ரீவி கத்தியது. ஒருவன் போனில் கத்தினான். எங்கள் மெத்தை அந்தப் போனுக்குக் கீழேதான் கிடந்தது.

"இதிலயா படுக்கிறாய்?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப கையைச் சுடாம வேற எதைச் சுடுவாய்?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு, "என்ட புருசன் வடக்கால ஒரு இடத்துக்குப் போவார் மனே. கவுண்மெந்துக் காணி. முந்தி யாரோ பண்ணை வைச்சிருந்து விட்டுட்டுப் போனது, இப்ப வெறும் புல்லு. பக்கத்தில பெரிய பார்க் இரிக்கு, தேசியப் பூங்கா எண்டு. பார்க்குக்குள்ள போனா காசு, நம்பர், வரிசை எல்லாம். பார்க்குக்கு இங்கால ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. போய்ப் படு. கூடாரம் என்ட பேஸ்மன்டில கிடக்கு" என்றார்.

இரத்தினவேல் உடனே சொன்னான்: "காட்டில போய்ப் படுக்கிறதுக்கோ அண்ணை கனடாவுக்கு வந்தனீங்கள்?"

வீரக்குட்டி அண்ணை அவனைப் பார்க்கவே இல்லை. "எவ்வளவு தூரம்?" என்று கிளடிஸைக் கேட்டார்.

கூட்டிக்கொண்டு போனது நான். புதிதாக லைசென்ஸ் எடுத்து, துருப்பிடித்த டட்சன் ஒன்று வைத்திருந்தேன். அந்தக் காரை ஓட்ட எனக்கும் ஒரு காரணம் தேவையாக இருந்தது. அதோடு, சனிக்கிழமைகளில் மெத்தை முழுநாளும் எனக்குத்தான் என்ற எண்ணமும் இருந்தது. அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

ஆனி மாதம் முதல் சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து பேக்கரி வாசலிலேயே அவரை ஏற்றினேன். நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் வடக்கே. பிறகு சின்ன ரோடு. பிறகு கல் ரோடு. கிளடிஸ் பாண் பையின் பின்புறத்தில் கீறித் தந்த படம் சரியாக இருந்தது. ஒரு பக்கம் பைன் மரங்களும் பார்க்கின் பெயர்ப்பலகையும். மறுபக்கம் சரிந்து விழுந்த மாட்டுக்கொட்டில் ஒன்று, அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல். வேலி கிடையாது, ஆள் கிடையாது. தூரத்தில் கரும்பச்சை மரங்களுக்கு இடையே விரிகுடாத் தண்ணீர் ஒரு கீற்றாகத் தெரிந்தது. காற்று வந்தால் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

கூடாரத்தை அவிழ்த்துப் பார்த்தால் இரண்டு தடிகளைக் காணவில்லை. இருக்கிற தடிகளை எப்படிப் பொருத்துவது என்றும் தெரியவில்லை. நாங்கள் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினோம். கடைசியில் அண்ணை கன்வஸைப் புல்லின் மேல் விரித்தார். நான் தண்ணீர்க் கானையும் பாணையும் மீன் ரின்னையும் எடுக்கக் காருக்குப் போனேன். திரும்பி வர இரண்டு நிமிடம் எடுத்திருக்காது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவர் நித்திரை. சுட்ட கை நெஞ்சின் மேல் இருந்தது. வெயில் முகத்தில் விழுந்தது. நான் என் சேர்ட்டைக் கழற்றி முகத்தை மூடிவிட்டு, பெனியனோடு காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரு மனிதனைக் காட்டில் எறிந்துவிட்டு வருவதுபோல இருந்தது.

மறுநாள் இரண்டு மணிக்குப் போனேன். கன்வஸ் விட்ட இடத்தில் இல்லை. இருபது யார் தள்ளி, ஒரு மரத்தடியில் இருந்தார். நிழல் போகப் போகக் கன்வஸையும் இழுத்துக்கொண்டே போயிருக்கிறார். புல்லில் அந்தத் தடம் தெரிந்தது. நுளம்பு கடித்து முகம் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. ஒரு கண் திறக்க முடியவில்லை. அந்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இண்டைக்கு என்ன நாள் தம்பி?"

"ஞாயிறு அண்ணை."

"ஞாயிறோ? அப்ப சனி எங்க போன?"

"நீங்கள்தான் சொல்ல வேணும்."

"நானாத்தான் முழிச்சன்" என்றார். "ஒருத்தரும் எழுப்பல்ல. கண்ணைத் திறந்தா வானம். மறுகா மூடினன். மறுகா திறந்தன். அப்பவும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல."

பாணில் பாதிதான் குறைந்திருந்தது. மீன் ரின் திறக்கப்படவே இல்லை.

அந்தக் கோடை முழுவதும் இதுதான் வழக்கம். சனி ஞாயிறு றெஸ்டோரன்ட் வேலையை விட்டார். கிளடிஸ் எங்கிருந்தோ இரண்டு தடிகள் வெட்டிக் கொடுத்து, கூடாரம் நிற்கத் தொடங்கியது. நுளம்பு வலையும் கிடைத்தது. அவர் அங்கே மீன் பிடிக்கவில்லை. நடந்து திரிந்து எதையும் பார்க்கவில்லை. பக்கத்துப் பூங்காவுக்குள் பெரிய பெரிய வண்டிகளில் சனம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பலகையைத் தாண்டி அவர் ஒரு அடியும் வைத்ததில்லை. படுப்பார், எழும்புவார், சாரத்தைத் தண்ணீரில் அலசிப் புல்லில் விரிப்பார், அது காயும் வரை மறுபடி படுப்பார். கிழமை நாட்களில் பழைய களைப்புத்தான். வெள்ளிக்கிழமை வரும்போது கண்ணுக்குக் கீழே அந்தப் பைகள் திரும்பி வந்துவிடும். ஆனால் இப்போது பகிடிக்கு நேரத்தோடு சிரித்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிறு நான் போனபோது கல் ரோட்டோரம் ஒரு பச்சை ட்ரக் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், கூடாரத்துக்கு முன்னால் சீருடை போட்ட ஒரு இளம் ஆள், செம்பட்டை மீசை, கையில் புத்தகம். அவனுக்கு எதிரே வீரக்குட்டி அண்ணை சாரத்தோடும் வெறும் மேலோடும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். அந்த ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "கையை இறக்கச் சொல், தயவுசெய்து இறக்கச் சொல்" என்று என்னைப் பார்த்துக் கெஞ்சினான்.

"அண்ணை, கையை விடுங்கோ. ஒண்டும் இல்லை."

அவர் கையை இறக்கியதும் கூடாரத்துக்குள் புகுந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். அதில் அவருடைய எல்லாக் கடதாசிகளும் இருந்தன. குடிவரவுக் கடிதங்கள், மருத்துவச் சோதனைத் துண்டு, பேக்கரிச் சம்பளத் துண்டுகள், பஸ் டிப்போ கொடுத்த அடையாள அட்டை, பிள்ளைகளின் படம். அத்தனையையும் அந்த ஆளின் கையில் திணித்தார். அவன் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தான்.

"உன் பிள்ளைகளா?" என்று கேட்டான். நான் மொழிபெயர்த்தேன்.

"ஓம். ஊரில."

"வடிவான பிள்ளைகள்" என்று சொல்லி, எல்லாவற்றையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்தான். பிறகு, தான் வன இலாகா ஆள் என்று சொல்லி, வந்த விஷயத்தைச் சொன்னான். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம், கரடி வரும். நெருப்பு மூட்டினால் சின்னதாக மூட்டி, தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து இருபத்தொரு நாள் தங்கலாம், அதற்கு மேல் கூடாது.

அண்ணைக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. "இருபத்தொரு நாளைக்குப் பிறகு எங்க அனுப்புவாங்களாம்? கேளு தம்பி" என்றார்.

நான் கேட்டேன். அந்த ஆள் சிரித்துவிட்டான். கையை நீட்டி, கொட்டிலுக்கு அந்தப் பக்கம், இன்னும் தள்ளி, மேட்டுப்பக்கம் என்று மூன்று நான்கு இடங்களைக் காட்டினான். "அங்கே போய்ப் போடட்டும். பிறகு வேண்டுமென்றால் இங்கேயே திரும்பி வரட்டும். இது எல்லோருடைய நிலம்தானே."

திரும்பி வரும்போது அண்ணை ஸீட்டில் சாய்ந்திருந்தார். நித்திரை என்றுதான் நினைத்தேன். பிறகு சொன்னார்: "ஒன்றரை வருசம்... இல்ல, எட்டு மாசந்தான் ஆகுது, எனக்கு ஒன்றரை வருசம் மாதிரிக் கிடக்கு. வந்த நாள் தொட்டு எல்லாரும் ஏன் வந்தாய், எப்ப வந்தாய், எதால வந்தாய் எண்டுதான் கேட்டவங்க. இவன் ஒருத்தன்தான் தம்பி, இரி எண்டு சொன்னவன்."

1987 கோடையிலும் பனி கரைந்து புல் காய்ந்ததும் போகத் தொடங்கினார். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஏழரைக்கு அப்பார்ட்மென்டில் போன் அடித்தது. நான்தான் மெத்தையில் இருந்தேன்; கையை நீட்டி எடுத்தேன். மட்டக்களப்பிலிருந்து கலெக்ட் கோல், காசு நீங்கள் கட்ட வேண்டும், ஏற்பீர்களா என்று ஒரு பெண் குரல். ஏற்றேன்.

"ஆரு கதைக்கிறது? அவர் இல்லையா?" கோணேஸ்வரி அக்கா. அவருடைய குரலை நான் முன்பு இரண்டு தரம் கேட்டிருக்கிறேன்.

"இல்லை அக்கா. அவர்... வேலைக்குப் போட்டார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி, அப்ப நீங்க சொல்லிருங்க தம்பி. எங்கட வீடு எரிஞ்சிட்டு. வியாழக்கிழமை. நாங்க மூணு பேரும் சுகம், அதை முதல்ல சொல்லுங்க. ரெண்டு கிழமையா ராவையில வீட்டில படுக்கிறல்ல, வயலுக்குள்ளதான் படுக்கிற. அதால தப்பினம். இப்ப ரவுணில என்ட தங்கச்சி வீட்ட வந்திட்டம். சின்னவளுக்குக் காய்ச்சல், பனியில படுத்தது. பயப்படத் தேவையில்ல எண்டு சொல்லுங்க." மூச்சு வாங்கியது. "அவர் நல்லாச் சாப்பிடுறாரா? நித்திரை கொள்றாரா?"

"ஓம் அக்கா" என்றேன். லைன் அறுந்தது.

முகம் கழுவாமல் காரை எடுத்தேன். போய்ச் சேர ஒன்பதே முக்கால். கூடாரத்தின் வாய் திறந்திருந்தது. வலைக்குள் அண்ணை ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, குழந்தைபோல நித்திரை கொண்டிருந்தார். வாயோரம் எச்சில். வெள்ளி வரை ஆறு இரவு ஓவனில் வெந்த ஆள். நான் "அண்ணை" என்று கூப்பிட வாயெடுத்து, நிறுத்தினேன். எழுப்பி என்ன செய்யப் போகிறோம்? எரிந்த வீடு எரிந்ததுதான். புல்லில் உட்கார்ந்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பார்க் பக்கமிருந்து பிள்ளைகள் தண்ணீரில் கத்தி விளையாடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பசித்தது, அவருடைய பாணை எடுத்துத் தின்ன மனம் வரவில்லை.

ஒரு மணிபோல அவர் எழும்பினார். என்னைக் கண்டதும், "ஏன் நேரத்தோட வந்திட்டாய்?" என்றார். உடனே முகம் மாறியது. நான் சொன்னேன். அக்கா சொன்ன ஒழுங்கிலேயே, மூன்று பேரும் சுகம் என்பதை முதலில் வைத்துச் சொன்னேன்.

வீடு எரிந்ததை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"வயலுக்குள்ளயோ? எந்த வயல்?"

"தெரியேல்லை அண்ணை."

"வாய்க்காலுக்கு இங்கால எண்டா புடையன் பாம்பு இரிக்கிற இடம். வெட்டின வயல், ஒரு மறைப்பும் கிடையாது." கொஞ்ச நேரம் புல்லையே பார்த்தார். "எத்தின மணிக்கு எடுத்த?"

"ஏழரைக்கு."

"அப்ப நான் நல்ல நித்திரை" என்றார்.

கூடாரத்தைப் பிடுங்கினார். பனியில் நனைந்த கன்வஸ் இன்னும் காயவில்லை. காயட்டும் அண்ணை என்றேன், கேட்கவில்லை. ஈரத்தோடு சுருட்டிக் காருக்குள் போட்டார். அன்று மாலையே அதைக் கிளடிஸின் பேஸ்மன்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, காரில் ஏறாமல் பேக்கரிக்கு நடந்தார். அடுத்த சனிக்கிழமை றெஸ்டோரன்டுக்குப் போய் விட்ட வேலையைத் திரும்பக் கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருடத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியவில்லை. எல்லா நாளும் ஒரே நாள். அவர் மெலிந்தார். தலை நரைத்தது. மாரியில், பனிக் காலத்தில், ஒருமுறை பேக்கரிப் படியில் விழுந்து விலா நொந்தது. அலெக்ஸாண்டர் அவரை ஓவனிலிருந்து எடுத்து, பாண் பையிலிடும் லைனுக்கு, கிளடிஸின் பக்கத்துக்கு மாற்றினார். மெத்தையில் படுத்தாலும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார் என்று பகலில் வீட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள். "அந்தப் புல்லுக்கு ஒருக்காப் போட்டு வருவமா அண்ணை?" என்று நான் ஒரு தரம் கேட்டேன். "எனக்கு அங்க படுக்க ஒண்ணா தம்பி" என்றார். இனிக் கேட்காதே என்று சொன்ன மாதிரி இருந்தது.

1987 முடிவில் குடிவரவிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது, நாட்டில் இருக்கலாம் என்று. 1988 புரட்டாதியில் கோணேஸ்வரி அக்காவும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். கிளடிஸ் தன் பேஸ்மன்டையே வாடகைக்குக் கொடுத்தார். நானும் பார்க்டேலை விட்டு, வெக்ஸ்போர்டில் ஒரு அறை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் சாப்பாடு.

அக்கா உயரமான, நேராகப் பேசுகிற மனுஷி. சிரிக்கும்போதும் கண் கதவுப் பக்கமே இருக்கும். வந்து எட்டு மாதம் கழித்து, 1989 வைகாசியில், நான் போனபோது அண்ணை ஓவர்டைம். அக்கா என்னை உட்காரச் சொல்லிவிட்டு எதிரே நின்றார்.

"தம்பி, பேஸ்மன்டில ஒரு கூடாரம் கிடக்கு. பூஞ்சணம் பிடிச்சுப்போய். அதுக்குள்ள புல்லு. ஆருடையது எண்டு கிளடிஸ் அன்ரியக் கேட்டன். எல்லாம் சொன்னவ."

நான் கதிரை நுனிக்கு நகர்ந்தேன்.

"நான் போன் எடுத்த அண்டைக்கு, வேலைக்குப் போட்டார் எண்டு சொன்னீங்க. ஞாயித்துக்கிழமை. ஏன் பொய் சொன்ன நீங்க?"

"நித்திரை கொள்ளப் போட்டார் எண்டு சொல்ல வாய் வரேல்லை அக்கா. நீங்கள் வயலுக்குள்ள கிடந்து வந்து கதைக்கிறீங்கள்..."

"அதுக்குப் பிறகுதானே சொன்னன், வயலுக்குள்ள எண்டு. முதலே பொய் சொன்னீங்க."

உண்மைதான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அக்கா என் எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா நான் சந்தோசப்பட்டிருப்பன்" என்றார். "எங்களுக்குள்ள ஒராளெண்டாலும் நிம்மதியாப் படுக்குதே எண்டு. அவர் அங்க கண் முழிச்சுக் கிடந்தா என்ட வீடு எரியாம இரிந்திருக்குமா? ரெண்டு வருசமா இந்த மனுசன் நித்திரை கொள்றல்ல. எனக்குச் சொல்றதுமில்ல. பக்கத்தில படுத்துக் கிடந்து எங்கட மூச்ச எண்ணுறார். நான் ஊர்ல பட்டதுக்குத் தன்ன வதைச்சா எனக்குக் கணக்குத் தீர்ந்திருமா?" பெருமூச்சு விட்டார். "அந்த இடத்துக்கு எங்களக் கூட்டிப் போங்க."

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை போனோம். அக்கா சொன்னதால் அண்ணை வந்தார். வேறு யார் சொல்லியும் வந்திருக்க மாட்டார். மூத்தவள் நாகேஸ்வரிக்குப் பதினைந்து, இளையவளுக்குப் பதினொன்று. இருவரும் பின் ஸீட்டில் தாயோடு நெருங்கி இருந்தார்கள். பூங்கா என்றதும் ஊஞ்சல், தண்ணீர், ஐஸ்கிறீம் என்று நினைத்து வந்தவர்கள். வெறும் புல்லைக் கண்டதும் முகம் தொங்கியது.

"இதுவா?" என்றாள் நாகேஸ்வரி.

"இதுக்கா ரெண்டு மணித்தியாலம் ஓடிவந்த?" என்றார் அக்கா. கொட்டில் இப்போது முழுவதுமாக விழுந்திருந்தது. புல்லுக்குள் காலை வைக்காமல், ரோட்டு ஓரத்தில் நின்றபடி ஒரு தடியால் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார். பாம்பு தேடினார் என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணை கன்வஸை விரித்தார். "நீங்களும் வாங்க. நல்ல நிழல்."

"நான் வரல்ல" என்றார் அக்கா. "வெளியில படுத்தது எனக்குக் காணும். பிள்ளைகளுக்கும் காணும். நாங்க காருக்குள்ள இரிக்கம். நீங்க படுங்க."

அண்ணை உட்கார்ந்தபடியே இருந்தார். "நீங்க உள்ள இரிக்க, நான் எப்பிடிப் படுக்கிற?"

"கண்ண மூடித்தான் படுக்கிற" என்றார் அக்கா. இளையவள் களுக்கென்று சிரித்தாள். "நான் முழிச்சுத்தான் இரிக்கன். பிள்ளைகள் என்னோட இரிக்காங்க. கதவு பூட்டலாம். ஒருத்தரும் வயலுக்குள்ள இல்ல இப்ப. படுங்க."

அவர் படுத்தார். கொஞ்ச நேரம் தலையைத் தூக்கித் தூக்கிக் காரைப் பார்த்தார். அக்கா ஒவ்வொரு முறையும் கையால் படுக்கச் சொன்னார். ஐந்தாறு தரத்துக்குப் பிறகு தலை எழும்பவில்லை.

மூன்றரை மணித்தியாலம் நித்திரை கொண்டார். அக்கா கார்க் கதவைத் திறந்துவைத்து, மடியில் பேப்பரை விரித்து, கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் தந்தார். நுளம்புக்கும் வெக்கைக்கும் முறைப்பாடு சொன்னார். கனடாப் பிரதமர் முதல் கிளடிஸின் மின்சாரக் கட்டணம் வரை எல்லாவற்றையும் பற்றிப் பேசினார், ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். பிள்ளைகள் பொறுமை இழந்து, பார்க் பலகை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். உள்ளே கடை இருக்கிறதாம் என்றார்கள். அண்ணை எழும்பியதும் நாங்கள் எல்லோரும் அந்தக் கடைக்குப் போனோம். காசு கொடுத்து உள்ளே போய், ஐஸ்கிறீம் வாங்கி, தண்ணீரோரம் நின்று தின்றுவிட்டு வந்தோம். அண்ணை அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தரம். "பரவாயில்ல, வடிவாத்தான் இரிக்கு" என்றார்.

பிறகு அவர்கள் அங்கே போகவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. அக்காவுக்கு அந்தப் புல் கடைசிவரை புல்லாகத் தெரியவில்லை. இரத்தினவேலும் கூட்டாளிகளும் கார் வாங்கிய பிறகு, வழி கேட்டு அண்ணையிடம் வந்தார்கள். படம் கீறிக் கொடுத்து, கரடி விஷயத்தையும் சொல்லி அனுப்பினார். அவர்கள் ஆட்டிறைச்சியும் பாட்டுப் பெட்டியும் கொண்டுபோய் இரண்டு நாள் கூத்தடித்துவிட்டு வந்தார்களாம்.

அந்த மாரியில் அலெக்ஸாண்டர் அவருக்குப் பகல் ஷிப்ட் கொடுத்தார். அக்காவின் தங்கை குடும்பம் வந்து சேர, இரண்டு குடும்பமுமாக அஜக்ஸில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். மலிவு, ஆனால் தூரம். விடிய முன் ரயில் ஏறி, விளக்கு வைக்கிற நேரம் திரும்பி வருவார். 1989 மார்கழியில் நான் போயிருந்தேன். அண்ணை வந்து கை கழுவி, சாப்பிட்டு, கதிரையில் சாய்ந்து, ரயிலில் கண்ட ஒரு ஆளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த ஆளும் பழைய பஸ் கொண்டக்டராம், வேறு நாடாம், எந்த ரூட் என்று கேட்டால்... அங்கே நின்றுவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. அடுத்த அறையில் பிள்ளைகள் சண்டை. அடுப்படியில் அக்காவின் தங்கையுடைய குழந்தை அழுதது.

"எந்த ரூட்டாம்?" என்று நான் கேட்டேன்.

"விடுங்க தம்பி" என்றார் கோணேஸ்வரி அக்கா, அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டு. "எனக்கும் பாதிக் கதைதான் சொல்லுவார். நீங்க சாப்பிடுங்க, கறி ஆறுது."